'இளமை ஊசி' என்று பேசப்படும் வளர்ச்சி ஹார்மோன்: நைட் ஷிஃப்ட் உடம்புக்கு அது தேவையா? உண்மையில் யாருக்குத் தேவை?

காலை ஆறரை மணி. மறைமலை நகரில் ஜி.எஸ்.டி. சாலையோரம் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் இறங்குகிறார்கள். பகல் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் ஏறுகிறார்கள். ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் என்று நீளும் இந்தப் பகுதியில் கார், லாரி, பைக், செல்போன் எல்லாம் இரவு பகலாகத் தயாராகின்றன. அந்த இயந்திரங்களுக்கு ஈடுகொடுக்கும் உடம்புகளும் அப்படியேதான் ஓடுகின்றன.

"முப்பது வயசுலயே நாற்பத்தஞ்சு மாதிரி ஆயிட்டேன்", "தொப்பை போடுது, தூக்கம் வரமாட்டேங்குது", "முடி கொட்டுது". ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களிடம் சாதாரணமாகக் கேட்கக்கூடிய பேச்சு இது. இந்தக் கவலைக்குப் பதில் என்று ஜிம் பேச்சிலும் செல்போன் விளம்பரங்களிலும் அடிக்கடி வரும் இரண்டு எழுத்துதான் 'ஜி.எச்.' அதாவது குரோத் ஹார்மோன், வளர்ச்சி ஹார்மோன். ஊசி போட்டால் கொழுப்பு கரையும், சதை ஏறும், தோல் இறுகும், வயது பத்து ஆண்டு பின்னால் போகும் என்கிறார்கள். கூடவே, 'நைட் ஷிஃப்ட் பார்த்தா இந்த ஹார்மோன் சுரக்கவே சுரக்காது' என்ற பயமுறுத்தலும் உண்டு.

தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடி மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊர் என்பதால், ஹார்மோனை 'இயக்குநீர்' என்று எழுதுவதே முறை. ஆனால் டாக்டர் சீட்டில் தொடங்கி ஜிம் வரை எல்லோர் வாயிலும் அது ஹார்மோன்தான். இந்தக் கட்டுரையிலும் அப்படியே இருக்கட்டும்.

இந்த ஹார்மோன் அப்படி என்னதான் செய்கிறது?

மூளைக்கு அடியில், மூக்கின் பின்பக்கத்துக்கு நேராக, பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதன் பெயர் பிட்யூட்டரி. அதன் முன்பகுதியில் சுரப்பதுதான் வளர்ச்சி ஹார்மோன். 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம் இது. சுரக்கச் சொல்வதும் நிறுத்தச் சொல்வதும் மேலே உள்ள ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி.

ரத்தத்தில் கலந்த ஹார்மோன் கல்லீரலுக்குப் போய் ஐ.ஜி.எஃப்.-1 என்ற இன்னொரு பொருளை உருவாக்கச் செய்கிறது. எலும்பை நீளச் செய்வது, தசையைக் கட்டுவது போன்ற வேலைகளில் பெரும்பங்கு இந்த ஐ.ஜி.எஃப்.-1 உடையது. வளர்ச்சி ஹார்மோன் நேரடியாகச் செய்யும் வேலைகளில் முக்கியமானவை இரண்டு. கொழுப்பை உடைத்து எரிபொருளாக ஆக்குவது ஒன்று. இன்சுலினுக்கு எதிராக நின்று ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடுவது இன்னொன்று. முதலாவதைத்தான் விளம்பரம் சொல்லும். இரண்டாவதைச் சொல்லாது.

பிட்யூட்டரிக்கும் சர்க்கரைக்கும் உள்ள இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்ததற்காக அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஹூசேவுக்கு 1947ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே அர்ஜென்டினாவில் பிறந்த ஒரு சிறுவனுக்குச் சுமார் பத்து, பதினோரு வயதில் வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு இருப்பது தெரியவந்தது. தினமும் ஊசி போட வேண்டும், குடும்பத்தால் செலவைத் தாங்க முடியவில்லை. சிகிச்சைச் செலவை ஏற்பதாக பார்சிலோனா கிளப் ஒப்புக்கொண்டது. அந்தச் சிறுவன்தான் லியோனல் மெஸ்ஸி. 'மெஸ்ஸியே போட்டுக்கிட்டாரு' என்று ஜிம்மில் யாராவது சொன்னால், அவர் போட்டுக்கொண்டது நோய்க்கு மருந்தாக, வளரும் வயதில், மருத்துவர் மேற்பார்வையில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நைட் ஷிஃப்ட் பார்த்தால் ஹார்மோன் நின்றுவிடுமா?

இந்த ஹார்மோன் குழாயில் தண்ணீர் போல ஒரே சீராக வருவதில்லை. விட்டு விட்டு, அலை அலையாக வருகிறது. இளம் ஆண்களிடம் அதில் மிகப் பெரிய அலை, தூங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில், முதல் ஆழ்ந்த உறக்கத்தோடு சேர்ந்து வருகிறது. 1960களின் கடைசியிலேயே ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுவிட்டார்கள். 'ராத்திரி 10 மணிக்குத் தூங்கினால்தான் சுரக்கும்' என்ற வாட்ஸ்அப் செய்தியின் மூலம் இதுதான்.

ஆனால் பெரிய அலை பெரும்பாலும் பார்ப்பது கடிகாரத்தை அல்ல, தூக்கத்தை. தூக்கம் பகலுக்கு மாறினால் அலையும் பெரும்பாலும் அதோடு மாறுகிறது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகர ஆய்வாளர்கள் ஆரோக்கியமான இளம் ஆண்களை ஓர் இரவு முழுக்க விழித்திருக்கச் செய்து, 24 மணி நேரமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரவில் வர வேண்டிய பெரிய அலை வரவில்லை. ஆனால் மறுநாள் பகலில் அலைகள் பெரிதாகி அதை ஈடுகட்டின. மொத்தக் கணக்கு கிட்டத்தட்ட மாறவில்லை. 2000ல் இந்த முடிவு வெளியானது.

ஆக, 'நைட் ஷிஃப்ட்டால் உங்க ஜி.எச். காலி, அதை ஊசியில ஏத்திக்கணும்' என்பதற்கு ஆதாரம் கிடையாது.

அப்படியானால் அந்தக் களைப்பும் தொப்பையும் பொய்யா? இல்லை. காரணம் வேறு. இரவு வேலை பார்ப்பவர்களின் பகல் தூக்கம் அளவிலும் குறைவு, ஆழத்திலும் குறைவு. செங்கல்பட்டு வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் சத்தத்தில், மூன்று ஷிஃப்ட்டுக்கும் போகிறவர்கள் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் தூங்குகிறவருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. சிகாகோவில் 1999ல் வெளியான ஓர் ஆய்வில், 11 இளைஞர்களை ஆறு இரவுகள் வெறும் நாலு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். அந்த ஒரு வாரத்துக்குள்ளேயே அவர்கள் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் கண்கூடாகக் குறைந்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு ஷிஃப்ட் வேலையைப் 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' பட்டியலில் 2007ல் சேர்த்து, 2019ல் மறுபடியும் அதை உறுதிசெய்தது.

தூக்கக் கடனை ஹார்மோன் ஊசி அடைக்காது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறி, கடும் எதிர்ப்புக்குப் பின் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டபோது பேசப்பட்டதும் அடிப்படையில் இதே உடம்புக் கணக்குதான்.

வயதானால் குறைகிறதே, அதைத் திருப்பி ஏற்றினால் என்ன?

குறைவது உண்மை. பருவ வயதில் உச்சத்தில் இருக்கும் சுரப்பு, அதன்பின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஏறக்குறைய 14 சதவீதம் குறைவதாக ஆண்களிடம் செய்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. 149 ஆண்களின் தூக்கப் பதிவுகளை வைத்து 2000ல் வெளியான சிகாகோ ஆய்வு இன்னும் சுவாரசியமானது. 16 முதல் 25 வயதில் மொத்தத் தூக்கத்தில் சுமார் 19 சதவீதமாக இருந்த ஆழ்ந்த உறக்கம், 36 முதல் 50 வயதில் வெறும் 3.4 சதவீதமாகிவிடுகிறது. அதோடு சேர்ந்தே வளர்ச்சி ஹார்மோனும் சரிகிறது. அதாவது 'வயசான' ஹார்மோன் அளவு வருவதற்கு அறுபது வயது ஆக வேண்டியதில்லை, நாற்பதிலேயே பெருமளவு இறங்கிவிடுகிறது. இது ஷிஃப்ட் பார்க்கும் தொழிலாளிக்கு மட்டும் அல்ல, ஏ.சி. அறையில் இருக்கும் மேனேஜருக்கும்தான்.

ஊசி வியாபாரத்துக்கு விதை போட்டது 1990ல் வந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் டேனியல் ரட்மன் என்ற மருத்துவர், 61 முதல் 81 வயது வரையான 12 ஆண்களுக்கு ஆறு மாதம், வாரம் மூன்று ஊசி கொடுத்தார். கொழுப்பு 14 சதவீதம் குறைந்தது. கொழுப்பு நீங்கிய உடல் எடை கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடியது. தோல் தடித்தது. புகழ்பெற்ற நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது வெளியானதும் உலகமே 'இளமை ஊசி' என்று கொண்டாடியது. அந்த ஆய்வுக் கட்டுரையையே விளம்பரமாக ஒட்டி விற்ற கம்பெனிகள் இருந்தன. எந்த அளவுக்கு என்றால், அந்த இதழே 2003ல் தன் பக்கங்களில் அதைக் கண்டித்து எழுத வேண்டியிருந்தது.

அந்த 12 பேரின் ஆய்வு சொல்லாதது ஒன்று உண்டு. சதை கூடியது சரி, பலம் கூடியதா? 1996ல் சான் பிரான்சிஸ்கோவில் 70 வயதைக் கடந்த 52 ஆண்களிடம் இதைச் சோதித்தார்கள். உடம்பின் அளவுகள் மாறின. ஆனால் தசை பலத்திலோ, நடமாடும் திறனிலோ சொல்லத்தக்க முன்னேற்றம் இல்லை. கூடிய எடையில் ஒரு பங்கு தசையே அல்ல, உடம்பில் தேங்கிய நீர்.

2007ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதுவரை வந்த நம்பகமான சோதனைகளையெல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். ஆரோக்கியமான முதியவர்களுக்கு இந்த ஊசியால் சுமார் இரண்டு கிலோ கொழுப்பு குறைகிறது, சுமார் இரண்டு கிலோ கொழுப்பற்ற எடை கூடுகிறது. அவ்வளவுதான். அதற்கு விலையாகக் கை கால் வீக்கம், மூட்டு வலி, மணிக்கட்டு நரம்பு அழுத்தம், ஆண்களுக்கு மார்பு வீக்கம் எல்லாம் வருகின்றன. வயதைத் தடுக்கும் மருந்தாக இதைப் பரிந்துரைக்க முடியாது என்று முடித்தார்கள்.

நாள் முழுக்க அசெம்பிளி லைனில் கையில் நட் ரன்னர் பிடித்து நிற்பவருக்கு மணிக்கட்டு நரம்பு அழுத்தம் ஏற்கெனவே பக்கத்தில் நிற்கும் பிரச்சினை. காசு கொடுத்து அதை வாங்கிக்கொள்வது எப்படிப்பட்ட பேரம் என்று அவரே சொல்லிவிடுவார்.

எதிர்ப்பக்கத்தில் ஓர் ஆய்வைக் குறிப்பிடாவிட்டால் நியாயமில்லை. 2019ல் கலிபோர்னியாவில் ஒன்பது ஆண்களுக்கு வளர்ச்சி ஹார்மோனோடு வேறு இரண்டு மருந்துகளையும் சேர்த்து ஓர் ஆண்டு கொடுத்ததில், அவர்களின் 'உயிரியல் வயது' அளவீடு சராசரியாக இரண்டரை ஆண்டு குறைந்ததாகச் செய்தி வந்தது. ஆனால் ஒன்பதே பேர். மருந்து எடுக்காத ஒப்பீட்டுக் குழு இல்லை. இதை வைத்து யாரும் கடைக்குப் போகக் கூடாது.

அதிகமானால் நீண்ட ஆயுளா?

இயற்கையே செய்து காட்டிய சோதனைகள் இதற்கு வேறு பதில் சொல்கின்றன.

பிட்யூட்டரியில் சிறு கட்டி வந்து ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரப்பது ஒரு நோய். பெரியவர்களுக்கு வந்தால் அதன் பெயர் அக்ரோமெகலி. தாடை, மூக்கு, கை, பாதம் பெரிதாகும். மோதிரம் ஏறாது, செருப்பு அளவு கூடிக்கொண்டே போகும். கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயப் பெருக்கம். டபிள்யூ.டபிள்யூ.இ. பார்த்து வளர்ந்தவர்களுக்கு கிரேட் காளியைத் தெரியாமல் இருக்காது. அவருக்கு இந்த நோய்தான். 2012ல் அமெரிக்காவில் அறுவை சிகிச்சை செய்து கட்டியை அகற்றினார்கள். சிகிச்சை எடுக்காமல் விட்டால் இந்த நோய் ஆயுளைக் குறைக்கும்.

மறுபக்கம், தென்னமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில் லாரன் நோய்க்குறி உள்ள நூறு பேர் வரை வாழ்கிறார்கள். இவர்கள் உடம்பில் வளர்ச்சி ஹார்மோன் இருக்கிறது, ஆனால் அதன் கட்டளையை உடம்பு கேட்பதில்லை. அதனால் உயரம் மிகவும் குறைவு. இருபது ஆண்டுகளுக்கு மேல் கவனித்து 2011ல் வெளியிட்ட முடிவின்படி, இவர்களில் யாருக்கும் சர்க்கரை நோய் இல்லை, புற்றுநோய் ஒரே ஒருவருக்குத்தான். உயரமான உறவினர்களுக்கோ இரண்டும் சகஜமாக வந்தன. இதே கோளாறை மரபணுவில் ஏற்படுத்திய ஓர் ஆய்வக எலி, ஐந்து வயதை எட்ட ஒரு வாரமே இருக்கும்வரை உயிரோடு இருந்தது. ஆய்வக எலிகள் சாதாரணமாக இரண்டு, மூன்று ஆண்டுகள்தான் வாழும்.

ஈக்வடார் மக்கள் மற்றவர்களைவிட அதிக ஆண்டுகள் வாழ்ந்தார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. விபத்து, மது போன்ற வேறு காரணங்களால் பலர் இறந்தார்கள். ஆனால் 'அதிக ஹார்மோன், அதிக இளமை' என்ற கணக்கு எவ்வளவு தலைகீழானது என்று காட்ட இது போதும்.

நம் ஊரில் கவலைப்பட வேண்டிய விஷயம் சர்க்கரை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் முடிவு 2023ல் வந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். அந்த வாசலில் நிற்பது பலருக்குத் தெரியவே தெரியாது. தூக்கம் கெட்டு, வீட்டில் அப்பா அம்மாவுக்கு சர்க்கரை இருந்து, தொப்பையும் உள்ள ஒருவர், இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும் ஹார்மோனை வெளியிலிருந்து ஏற்றிக்கொள்வது, கேஸ் கசியும் வீட்டில் தீக்குச்சி உரசுவதுதான்.

ஜிம் பவுடர், ஸ்ப்ரே, மாத்திரை: என்னென்ன விற்கிறார்கள்?

வாய்வழியாகச் சாப்பிடும் 'ஜி.எச். பவுடர்', நாக்கில் அடிக்கும் ஸ்ப்ரே என்றால் ஒரே வரி போதும்: வேலை செய்யாது. ஹார்மோன் ஒரு புரதம். வயிற்றுக்குப் போனால் மீன் குழம்பில் உள்ள புரதம் மாதிரியே செரித்துவிடும். அதனால்தான் உண்மையான மருந்து ஊசியாக மட்டுமே இருக்கிறது.

எம்.கே.-677 என்ற பெயரில் இணையத்தில் கிடைக்கும் மாத்திரை கொஞ்சம் வேறு ரகம். இது ஹார்மோன் அல்ல, பிட்யூட்டரியைத் தூண்டி அதிகம் சுரக்க வைக்கும் வேதிப்பொருள். அதனால் ரத்தத்தில் அளவு நிஜமாகவே ஏறும். முதியவர்களுக்கு இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008ல் வந்தது. இளைஞர் அளவுக்கு ஹார்மோன் ஏறியது, எடை கூடியது, பலம் கூடவில்லை, ரத்தச் சர்க்கரை ஏறியது. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களிடம் நடந்த வேறொரு சோதனையை, இதயச் செயலிழப்பு அறிகுறிகள் தெரிந்ததால் பாதியிலேயே நிறுத்தினார்கள். உலகில் எங்கும் இது அங்கீகரிக்கப்பட்ட பொது மருந்து கிடையாது.

உண்மையான ஊசி மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டியது. ஜிம் பையில் வைத்து, செங்கல்பட்டு வெயிலில் பைக்கில் கொண்டுவந்து கொடுக்கும் குப்பியில் உள்ளே என்ன இருந்தாலும், அது நல்ல நிலையில் இருக்காது. மாவட்ட, மாநிலப் போட்டிகளில் விளையாடும் கபடி, தடகள வீரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வளர்ச்சி ஹார்மோனும் எம்.கே.-677 வகையும் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் உள்ளவை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இருந்தே ரத்தத்தில் இதைக் கண்டுபிடிக்கும் சோதனை இருக்கிறது.

அமெரிக்காவில் வயதைக் குறைக்க என்று சொல்லி இதை விற்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நம் நாட்டிலும் ஒரு பழைய சட்டம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் சட்டம், எவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல் தருகிறது. அதில் உயரமும் ஒன்று. இதைப் படித்தபின், நள்ளிரவு டி.வி. விளம்பரங்களையும் பஸ் ஸ்டாண்டு சுவரொட்டிகளையும் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

"இரண்டு சென்டிமீட்டர்தான் சார் குறையுது"

உயரத்துக்கான ஆசை வெறும் அழகுக்கு மட்டும் அல்ல. தமிழ்நாடு காவல்துறை இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்குப் பொதுவாக 170 சென்டிமீட்டர், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 167 வேண்டும். பெண்களுக்கு 159, 157. கான்ட்ராக்ட் வேலையில் இருந்துகொண்டே போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் இருபது வயதுப் பையனுக்கு 168 என்பது வாழ்க்கைப் பிரச்சினை.

அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் கசப்பானது. எலும்பின் நுனிகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் பருவ வயது முடியும்போது எலும்பாகவே இறுகி மூடிவிடுகின்றன. பெண்களுக்குச் சுமாராக 14 முதல் 16 வயதில், ஆண்களுக்கு 16 முதல் 18 வயதில். அதன்பின் எவ்வளவு ஹார்மோன் ஏற்றினாலும் உயரம் ஒரு மில்லிமீட்டர் கூடாது. கூடினால் தாடையும் பாதமும்தான் கூடும்.

அப்படியானால் யாருக்குத்தான் தேவை?

பெரியவர்களில் ஒரு சிறு கூட்டத்துக்கு நிஜமாகவே தேவைப்படலாம். பிட்யூட்டரியில் கட்டி வந்து அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ எடுத்தவர்கள், பிரசவத்தில் அளவு கடந்த ரத்தப்போக்கு ஏற்பட்டு பிட்யூட்டரி சேதமான பெண்கள், தலையில் பலத்த அடிபட்டவர்கள். நம் பகுதிக்கே உரிய ஒரு காரணமும் இருக்கிறது: கண்ணாடி விரியன் கடி. இதன் விஷம் ரத்தம் உறைதலைக் குலைக்கும்போது பிட்யூட்டரிக்குப் போகும் ரத்த ஓட்டமும் பாதிக்கப்படலாம். பர்மாவில் இருந்து 1987ல் இது விரிவாகப் பதிவானது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பின்னர் இதே போன்ற நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் விஷமுறிவு மருந்துக்காகக் கண்ணாடி விரியன் விஷம் எடுக்கும் மாவட்டம் இது. வயலிலும் ஏரிக்கரையிலும் இந்தப் பாம்பு சாதாரணம். கடிபட்டுப் பிழைத்தவருக்கு மாதங்கள் கழித்துத் தீராத சோர்வு, மாதவிடாய் நிற்பது, உடல் முடி உதிர்வது என்று வந்தால், பழைய பாம்புக்கடியை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அப்போதும் முதலில் சரிசெய்ய வேண்டியவை கார்டிசால், தைராய்டு ஹார்மோன்கள். வளர்ச்சி ஹார்மோன் கடைசியில்தான் வரும்.

உண்மையில் காலம் கடந்தால் திரும்பக் கிடைக்காத இழப்பு குழந்தைகளுக்குத்தான்.

பிறவியிலேயே இந்த ஹார்மோன் குறைவாகச் சுரக்கும் குழந்தைகள் சில ஆயிரம் பேரில் ஒருவர். பிறக்கும்போது பெரும்பாலும் சாதாரண அளவில்தான் இருப்பார்கள். இரண்டு, மூன்று வயதுக்குப் பிறகு வளர்ச்சி மெதுவாகும். 'அவங்க அப்பா குள்ளம், அதான்', 'வயசுக்கு வந்தா சர்ருன்னு வளர்ந்துடுவா' என்ற பேச்சில் ஆண்டுகள் ஓடிவிடும். பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் வந்து இங்கே வாடகை அறைகளில் வாழும் குடும்பங்களில், பிள்ளை ஒரே பள்ளியில் இரண்டு ஆண்டு சேர்ந்தாற்போல் படிப்பதே அரிது. உயரத்தை யார் குறித்து வைப்பது?

வீட்டிலேயே செய்யக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் சென்டிமீட்டரில் கூட்டுங்கள். ஆண் குழந்தை என்றால் 13 சேர்த்து, பெண் குழந்தை என்றால் 13 கழித்து, இரண்டால் வகுங்கள். அப்பா 168, அம்மா 154 என்றால் மகனுக்கு 167.5, மகளுக்கு 154.5. இது பிள்ளை எட்டக்கூடிய உயரத்தின் தோராயம், ஏழெட்டு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். இதைவிட முக்கியம் வேகம். நாலு வயதில் இருந்து பருவம் அடையும்வரை ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டராவது வளர வேண்டும். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டாலே தெரிந்துவிடும். அந்த அளவுக்கு வளரவில்லை, அல்லது வகுப்பில் எல்லோரையும்விடத் தெளிவாகக் குள்ளம் என்றால் குழந்தை நல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பயந்துவிட வேண்டாம். குள்ளமான குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இந்தக் குறைபாடு இருக்காது. பரம்பரை, தாமதமான பருவம், ரத்தசோகை, சத்துக் குறைவு, தைராய்டு என்று சாதாரணக் காரணங்களே அதிகம். அதனால் மருத்துவர் முதலில் அவற்றைத்தான் பார்ப்பார். பிறகு இடது மணிக்கட்டு எக்ஸ்ரே, அதில் எலும்பின் வயது தெரியும். பிறகு ஐ.ஜி.எஃப்.-1 ரத்தச் சோதனை. தேவைப்பட்டால் மருந்து கொடுத்துத் தூண்டி, நேரம் விட்டு நேரம் பலமுறை ரத்தம் எடுக்கும் சோதனை. ஹார்மோன் அலை அலையாக வருவதால் ஒரே ஒரு தடவை ரத்தம் எடுத்து 'ஜி.எச். கம்மி' என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்லி ஊசி ஆரம்பிக்கச் சொன்னால், வேறொரு மருத்துவரிடமும் கேட்டுவிடுவது நல்லது.

சிகிச்சை என்பது தினமும் இரவு ஒரு சிறு ஊசி. இன்சுலின் பேனா மாதிரியே பேனாவில் வரும், பெற்றோரே போடலாம். பல ஆண்டுகள் போட வேண்டும். எடை கூடக் கூட மருந்தின் அளவும் செலவும் கூடும். வாரம் ஒருமுறை போடும் ஊசிகளும் சில நாடுகளில் வந்துவிட்டன.

இன்று போடுவது ஆய்வகத்தில் நுண்ணுயிரிகளை வைத்துத் தயாரிப்பது. 1985க்கு முன்பு இறந்தவர்களின் பிட்யூட்டரியில் இருந்து எடுத்தார்கள். அதன் வழியாக மூளையைச் சிதைக்கும் கொடிய நோய் தொற்றி, பிரான்சில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்போதைய மருந்தில் அந்த ஆபத்து இல்லை.

பணம்? ஒன்றிய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில், நிரூபிக்கப்பட்ட வளர்ச்சி ஹார்மோன் குறைபாடும், டர்னர், நூனன், பிராடர்-வில்லி நோய்க்குறிகளும் இடம்பெற்றுள்ளன. இக்கொள்கையின்படி அங்கீகரிக்கப்பட்ட உயர் சிகிச்சை மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க வழி உண்டு. தமிழ்நாட்டில் அந்த மையம் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. மறைமலை நகரில் இருந்து மின்சார ரயில் ஏறினால் எழும்பூரிலேயே இறங்கலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் தொடங்கிப் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இன்னும் பக்கம். எங்கே போனாலும் கையில் எடுத்துப் போக வேண்டியது, பிறப்பில் இருந்து இதுவரை குறித்த உயரம், எடை அளவுகள். அங்கன்வாடி அட்டையோ, பள்ளி ரெக்கார்டோ, கதவு நிலைக் கோட்டை செல்போனில் எடுத்த போட்டோவோ, எதுவானாலும் உதவும்.

ஊசியை எப்போது நிறுத்துவது என்பதற்கும் அளவு இருக்கிறது. வளர்ச்சி ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே வந்தாலோ, எக்ஸ்ரேயில் வளர்ச்சித் தட்டுகள் மூடிக்கொண்டாலோ நிறுத்திவிடுவார்கள். நிறுத்திச் சில வாரங்கள் கழித்து மறுபடியும் சோதிப்பார்கள். வேறு பிட்யூட்டரி கோளாறு இல்லாத பிள்ளைகளில் பலருக்கு, அப்போது ஹார்மோன் சாதாரண அளவில் சுரப்பது தெரியவரும். அவர்கள் பெரியவர்களான பின் ஊசியைத் தொடர வேண்டியதில்லை.